மேஸ்திரியோடு வந்த நிழல்

கத்திரி வெயில் பிறந்த அன்று காலை ஒன்பது மணிக்கு, பாலாற்றங்கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து போட்ட ஜனங்களின் தகர ஷெட்டுக் காலனியில், தணிகாசலம் மேஸ்திரியின் வீட்டைச் சுற்றி ஒரு நிழல் வந்து விழுந்தது. மேலே மேகம் இல்லை, மரம் இல்லை, பந்தல் இல்லை, வெறும் வானம்தான் காய்ந்துகொண்டிருந்தது. கீழே மட்டும், பதினொரு ஷெட்டுகளை மூடிக்கொண்டு, ஒரு பெரிய கட்டடத்தின் நிழல், கூரை விளிம்பும் காற்றுக் கூண்டும் காற்று புகக் கட்டிய ஓட்டைச் சுவரின் ஓட்டைகளும் நடுமுற்றத்தின் சதுரமும் எல்லாம் தெளிவாகத் தெரிய, ஊருக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பத்தைப் போலத் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தது.

முதலில் பார்த்தவள் பக்கத்து ஷெட்டுப் பஞ்சவர்ணம். வடகம் பிழிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"மேஸ்திரி, உன் வூட்டாண்ட எதோ கட்டடம் வந்து நிக்குது. கட்டடத்தத்தான் காணோம்."

தணிகாசலம் வெளியே வந்தார். நிழலின் தெற்குப் பக்கம் போய்க் குனிந்து, மண்ணில் புள்ளி புள்ளியாய் விழுந்திருந்த வெளிச்சத்தை எண்ணினார். மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி இல்லை. அந்த இடத்தில் அவருடைய ஆள் ஒருவன் கல்லைத் திருப்பி வைத்துவிட்டிருந்தான், காய்ந்த பிறகுதான் அவர் கண்ணில் பட்டது.

"இது நான் கட்டுன வூடுதான்" என்று சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போனார்.

அந்த வீடு பன்னிரண்டு மைல் தள்ளி மலையடிவாரத்தில் இருந்தது. தோல் கம்பெனி முதலாளி சுந்தரவதனம் தன் விருந்தாளிகளுக்கென்று கட்டியது. தோல் கழுவின தண்ணீரை இருபது வருஷம் ஆற்றில் விட்டு, கரையோரக் கிணறுகளையெல்லாம் வாயில் வைக்க முடியாமல் பண்ணின பிறகு, அந்த மனுஷனுக்குப் பூமியின் மேல் பாசம் வந்தது. சிமெண்டு வேண்டாம், ஏ.சி. வேண்டாம், அந்த இடத்து மண்ணையே அழுத்திக் கல்லாக்கி, சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசி, தளத்துக்குள் மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்து, மேலே காற்றுக் கூண்டு எழுப்பிச் சூட்டை வெளியேற்ற வேண்டும் என்று பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினீயரைக் கூட்டிவந்து வரைபடம் போட்டார். வரைபடம் காகிதத்தில் இருந்தது. வீட்டை எழுப்பியது தணிகாசலம். மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துக் களியும் மணலும் எத்தனை பங்கு என்று சொன்னவர் அவர். எந்த மாதம் எந்தச் சுவரில் வெயில் ஏறும் என்று பார்த்து ஓட்டைச் சுவரை இரண்டடி தள்ளி வைக்கச் சொன்னவர் அவர். இரண்டு கோடை வெயிலைத் தலையில் வாங்கி, வெயிலே நுழையாத ஒரு வீட்டைக் கட்டி முடித்தவர் அவர். உச்சிப் பொழுதில் உள்ளே போனால் மண்பானைக்குள் கை விட்டது போல இருக்கும்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிரகப்பிரவேசத்தன்று பசுமாடு நுழைவதற்கு முன்னால் வீட்டுக்காரர் மேஸ்திரியைக் கூப்பிட்டு, தட்டில் வேட்டி துண்டு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பார். மேஸ்திரி அதை வாங்கிக்கொண்டு, கழுவித் துடைத்த பூச்சுக் கரண்டியால் நிலைப்படியில் ஒரு தட்டுத் தட்டி, 'வூடு இனிமே உங்களுது' என்று வாயால் சொல்லுவார். அவர் சொல்லுகிற வரைக்கும் வீடு கட்டினவனுடையது. தணிகாசலம் பொழுது விடிந்ததிலிருந்து வெளி கேட்டில் கரண்டியோடு நின்றார். தட்டு இன்ஜினீயர் கைக்குப் போனது. அந்தப் பையன் வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போட்டோ பிடித்தான். மாடு போனது, விருந்தாளிகள் போனார்கள், பொழுது தலைக்கு மேலே வந்தது. வாட்ச்மேன் வந்து அவருக்கும் ஆட்களுக்குமாகப் பதினான்கு புளிசாதப் பொட்டலங்களைக் கையில் கொடுத்தான். தணிகாசலம் அவற்றைப் பிரிக்காமல் சுற்றுச்சுவரின் மேல் ஒன்றோடொன்று நெருக்கி, நூல் பிடித்த மாதிரி வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு நடந்து வந்துவிட்டார். சொல்லவேண்டிய சொல்லைச் சொல்லவில்லை. மறுநாள் நிழல் அவரைத் தேடிக்கொண்டு வந்தது.

அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. கல்யாணப் பந்தியில் தன் இலையை மட்டும் தாண்டிக்கொண்டு போன பங்காளியோடு முப்பத்தொரு வருஷம் பேசவில்லை. அவன் செத்தபோதும் போகவில்லை. பேச்சு இருந்தால்தானே போவதற்கு என்று கேட்டார்.

ஆனால் நிழல் வந்த அன்று அவர் கோபத்தை நினைக்கவில்லை, மகளை நினைத்தார். ரேணுகாவுக்கு நிறைமாதம். அவள் புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தான். போன கத்திரியில் இதே தகர ஷெட்டில் அவளுக்கு முதல் பிள்ளை இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாலாம் நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு, மேல்தகரமும் மேற்குத் தகரமும் அடுப்பில் வைத்த கல் மாதிரி காய்ந்துகொண்டிருக்க, ஈரத்துணி போட்டும் விசிறியும் ஆகாமல், அந்தப் பிள்ளை அழாமலே அடங்கிப்போனது. மூன்று மாதத்துக்குத்தான் இந்த ஷெட்டு என்று அரசாங்கத்தில் சொல்லி ஏழு வருஷம் ஆகியிருந்தது. இந்தத் தடவையும் கத்திரிக்கு நடுவில்தான் நாள் குறித்திருந்தார்கள். ஊர் ஊராக அடுத்தவனுக்குக் குளிர்ச்சி கட்டிக்கொடுத்த கை, சொந்த மகளுக்கு ஒரு முழம் நிழல் கொடுக்க வழியில்லாமல் இருந்தது. வந்த நிழலை அவர் உற்றுப் பார்த்து, வடக்கு அறையின் நிழல் விழுந்திருந்த இடத்துக்குக் கட்டிலை இழுத்துப் போட்டார்.

"படும்மா. இந்த ரூமுலதான் காத்து நல்லா வரும்."

ரேணுகா படுத்தாள். காற்று வந்தது.

ஒரு வாரத்தில் காலனி அந்த நிழலுக்குப் பழகிப்போனது. நடுமுற்றத்தின் சதுரத்தில் மட்டும் வெயில் விழுந்ததால் பஞ்சவர்ணம் அதில் வடகம் காயவைத்தாள், மற்றப் பெண்கள் துணி காயவைத்தார்கள், அந்தச் சதுரம் யாருக்கு எந்த நேரம் என்று தினம் ஒரு சண்டை நடந்தது. பிள்ளைகள் ஓட்டைச் சுவரின் வெளிச்சப் புள்ளிகளில் ஒற்றைக் காலால் தாவி விளையாடினார்கள். நிழல் காலையில் மேற்கே சாய்ந்து மத்தியானம் சுருங்கிச் சாயங்காலம் கிழக்கே நீண்டதால் கிழங்களின் கட்டில்கள் நாளைக்கு மூன்று தடவை இடம் மாறின. நிழல் எட்டாத ஷெட்டுக்காரர்கள் பாயும் செம்புமாகக் காலையிலேயே வந்து இடம் பிடித்தார்கள். வார்டு மெம்பர், இந்த நிழல் தன் முயற்சியால் வந்தது என்று பேனர் கட்டினார். அளக்க வந்த தாசில்தார் ஆபீஸ் ஆள் டேப்பைப் பிடித்துக்கொண்டே கூடத்து நிழலில் தூங்கிப்போய், ஐந்து மணிக்கு எழுந்து, ஒன்றும் எழுதாமல் போனார். இத்தனை பேரில் ஒருவரும் சுவர் நிழல் விழுந்த கோட்டைத் தாண்டி நடக்கவில்லை. சுவரே இல்லாத இடத்தில் சுற்றிக்கொண்டு போய், வாசல் நிழல் விழுந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

டீக்கடை பாஷா பாய் அடுப்பைத் தாழ்வாரத்து நிழலுக்கு மாற்றினார். தணிகாசலம் போய் நின்றார்.

"பாய், உள்ளார அடுப்பு வெக்காதீங்க. கரி புடிக்கும்."

"எதுல மேஸ்திரி புடிக்கும்? செவுரே இல்லியே."

"நெழல்ல."

பாஷா பாய் நிழலை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுப்பை வெளியே தூக்கி வைத்தார்.

அங்கே மலையடிவாரத்தில் வீடு நிழல் இல்லாமல் நின்றது. வெயில் கூரைக்கும் சுவருக்கும் கட்டுப்படாமல் உள்ளே இறங்கியது. விருந்தாளிகள் தலையில் துண்டு போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்கள். பசுமைச் சான்றிதழ் கொடுக்க டெல்லியிலிருந்து வந்தவர்கள், உள்ளே நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பலகையைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே திரும்பிப் போனார்கள். சுந்தரவதனம் அந்தப் பக்கத்துப் பெரியவர்களை விசாரித்தார், பிறகு ஒன்பதாம் நாள் காரில் காலனிக்கு வந்தார். தட்டில் வேட்டி இருந்தது.

வாசல் நிழலில் அவரும் செருப்பைக் கழற்றினார். கூடத்துக்குள் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடினார். அவர் வீட்டுக் குளிர்ச்சியை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாக அனுபவித்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க மேஸ்திரி" என்றார்.

"அத அன்னிக்கிச் சொல்லியிருக்கணும்."

"விட்டுப்போச்சு. கூட்டத்துல கவனிக்கல. உங்க பொண்ணு விஷயம் சொன்னாங்க. நான் அவ்வளவு கெட்டவன் இல்ல. கத்திரி முடியட்டும், குழந்தை பொறக்கட்டும், அதுவரைக்கும் நிழல் இங்கயே இருக்கட்டும். அதுக்கப்புறம் ஒரு நாள் நம்ம கேட்டாண்ட வந்து இந்த வேட்டியை வாங்கிக்கிட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுங்க."

கேட்டாண்ட என்ற சொல் தணிகாசலத்தின் காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் விழாமல் போய்விட்டது.

"கேட்டாண்ட நான் ஒரு தபா நின்னுட்டேன். இன்னொரு தபா நிக்க மாட்டேன். நீங்க பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்து வாங்க. தட்டத் தலையில வெச்சிகினு வாங்க. பம்பை உடுக்கையோட வாங்க. அந்த இன்ஜினீயர் பையனும் கூட வரணும். என் ஆளுங்க பதினாலு பேருக்கும் எல போட்டு நீங்களே பரிமாறணும். அப்ப யோசிக்கிறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பஞ்சவர்ணம், "பம்பைக்காரன் எங்க மாமன்தான் முதலாளி, நான் சொல்லிடறேன்" என்றாள். இன்னும் சிரித்தார்கள். சுந்தரவதனமும் சிரித்தார். ஸ்டூலை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு, சுவர்க்கோட்டைத் தாண்டி நேராகக் காருக்கு நடந்தார். அந்தக் கோட்டை மிதித்துக்கொண்டு போன ஒரே ஆள் அவர்தான்.

ரேணுகா கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கலாம்ல நைனா. கத்திரி முடிஞ்சாத்தான கேட்டாரு."

"உனுக்குத் தெரியாது. நீ படு."

"இன்னா தெரியாது? போன வருஷம் நான்தான மடியில வெச்சிகினு இருந்தேன்."

அவர் கட்டிலை நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார். அன்று சாயங்காலம் முழுவதும் தன் பேச்சைத் தானே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துக் கேட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

பதினான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு ரேணுகாவுக்கு வலி கண்டது. ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள், ஆஸ்பத்திரி நர்சு சுகிர்தா ஸ்கூட்டியில் முன்னால் வந்து பார்த்துவிட்டு, ஏற்றிக்கொண்டு போக நேரமில்லை, இங்கேயே பார்த்துக்கொள்ளலாம், குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது என்று சொன்னாள். பெண்கள் கட்டிலைச் சுற்றிப் புடவை கட்டினார்கள். அப்போது கிழக்குப் பக்கம் நிழலில் ஒரு ஓட்டை விழுந்தது. ஒரு கை அகல வெயில், கடித்து எடுத்த மாதிரி. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு கடி. காற்றுக் கூண்டின் நிழல் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு இல்லாமல் போனது. எதுவுமே இல்லாத மேலிருந்து சிவப்பு மண் தூசி மெல்ல இறங்கிப் பஞ்சவர்ணத்தின் வடகத்தின் மேல் படிந்தது, காலனி முழுக்கச் சுண்ணாம்பு வாசனை அடித்தது.

தணிகாசலத்துக்குப் புரிந்துவிட்டது. கட்டினவனுக்கு இடிகிற ஓசை கேட்கவேண்டியதில்லை.

பாஷா பாயின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனார். கேட்டு கண்ணில் பட்டதும் பாய், "கால்ல விழுந்துடு மேஸ்திரி" என்றார்.

கேட்டு திறந்துதான் கிடந்தது. கிழக்குச் சுவரும் கூடமும் போய்விட்டிருந்தன. உடைந்த தளத்திலிருந்து மண்சட்டிகள் மண்டை ஓடுகளைப் போல உருண்டு கிடந்தன. மஞ்சள் ஜே.சி.பி. வடக்கு அறைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தது. சுந்தரவதனம் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் போய்க் கண்ணாடியைத் தட்டினார். அது நாலு விரல் இறங்கியது.

"வேட்டி குடுங்க. வாங்கிக்கிறேன். இப்பவே சொல்லிடறேன், வூடு உங்களுது."

"வீடு எங்க இருக்கு மேஸ்திரி?"

"எம் பொண்ணு வலியில கீது. ரெண்டு நாளு. ரெண்டே நாளு நிறுத்துங்க."

அவர் புழுதியில் முழங்கால் போட்டார். முப்பத்தொரு வருஷம் ஒரு கரண்டி சாம்பாருக்காக முறைத்துக்கொண்டு நின்ற மனுஷன், காரின் டயரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எனக்கு ஆகாத நிழல் ஒருத்தனுக்கும் ஆகவேண்டாம்" என்றார் சுந்தரவதனம். அவரும் மறக்கிற ஆள் இல்லை. கண்ணாடி ஏறியது.

தணிகாசலம் எழுந்து ஜே.சி.பி.யிடம் ஓடினார். டிரைவர் குடியாத்தத்துப் பக்கத்து ஆள், கழுத்தில் ஈரத்துண்டு சுற்றியிருந்தான். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டான். நிழலைப் பற்றிச் சொன்னதற்கு அவன் முகம் மாறவில்லை. எந்தச் சுவர் என்று மட்டும் கேட்டான்.

"மேற்குச் செவுரு. அத மட்டும் வுட்டு வையி. இப்ப பொழுது சாஞ்சா அதோட நெழலு கட்டிலு மேல வுழும்."

"நிறுத்துனா வண்டிய மாத்திடுவாங்க பெரியவரே. ஆனா சாப்பாட்டு நேரம்னு ஒண்ணு கீதுல்ல. சோறு துன்னும்போது எவன் சொன்னாலும் நான் வண்டியில ஏறமாட்டேன். ரெண்டு மணி வரைக்கும் துன்றேன். அதுக்கு மேல சோத்துல ஒண்ணும் இருக்காது."

மேற்குச் சுவரை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் சாய்த்துவிட்டு, ஒரு மணிக்கு அவன் தூக்குவாளியைத் திறந்தான்.

திரும்பி வந்தபோது காலனியில் அந்தப் பெரிய நிழல் இல்லை. ஒரே ஒரு பட்டை, கட்டில் அகலத்துக்கு, தெற்கு வடக்காகத் தரையில் கிடந்தது. அதற்குள் கட்டிலை நெருக்கிப் போட்டிருந்தார்கள். நிழல் நகர நகரப் பெண்கள் கட்டிலை ஒவ்வொரு விரற்கடையாக நகர்த்திக்கொண்டிருந்தார்கள், ரேணுகா அதன் மேல் கத்திக்கொண்டிருந்தாள். ஒன்றே முக்காலுக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அழுதது. நர்சு அதைத் துடைத்து ரேணுகாவின் மார்பின் மேல் வைத்தாள்.

இரண்டு மணிக்குப் பட்டை மெல்லக் குட்டையாகி ஓரத்திலிருந்து உதிர்ந்து போனது. வெயில் வந்தது. அவசரமாகக் கட்டிலை ஷெட்டுக்குள் தூக்கினார்கள், ரேணுகா உள்ளே நுழைந்ததும் மேற்குத் தகரத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பிள்ளையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். நர்சு ஆம்புலன்சுக்கு மறுபடியும் போன் போட்டாள்; சாயங்காலத்துக்கு மேல்தான் வண்டி, ஆஸ்பத்திரியிலும் கட்டில் இல்லை, கிடைத்தாலும் இரண்டு நாளில் அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னார்கள்.

தணிகாசலம் வெளியே வந்து மேற்குத் தகரத்தில் கை வைத்துப் பார்த்தார். எடுத்துக்கொண்டார். காலனி ஜனங்கள் அங்கங்கே தலையில் துணியைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அன்று ஒன்பதாம் நாள் சிரித்தவர்கள்தான். இப்போது அவர் முகத்தைப் பார்க்க யாருக்கும் பிடிக்கவில்லை, அவர் ரோஷத்தால்தானே எல்லோருக்கும் நிழல் போனது என்று அவர்கள் நினைத்தது அவருக்குத் தெரிந்தது. அது உண்மையாகவும் இருந்தது.

"வாங்க" என்றார். "மேற்கால வந்து நில்லுங்க. செவுரு மாதிரி."

முதலில் பாஷா பாய் போய் நின்றார். இன்னும் நாலு பேர் வந்தார்கள். பிறகு நிறையப் பேர் வந்தார்கள். தணிகாசலம் அவர்களைக் கல் வைக்கிற மாதிரி வைத்தார். தகரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு வரிசை, இடையில் காற்று போக இடம் விட்டு அதற்குப் பின்னால் உயரமானவர்கள் ஒரு வரிசை. முன்னால் இரண்டு பேருக்கு நடுவில் சந்து இருந்தால் அதற்கு நேர் பின்னால் ஒரு ஆள், சந்துக்கு நேரே சந்து வராமல். பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார்கள். கூரைத் தகரத்தின் மேல் கோணிகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

"நான் முழுக் கல்லா, அரைக் கல்லா மேஸ்திரி?" என்றாள் பஞ்சவர்ணம்.

"வாய மூடிகினு நின்னா முழுக் கல்லு."

அவள் நின்றாள். இரண்டரை, மூன்று, மூன்றரை என்று வெயில் அவர்கள் முகத்தில் நேராக இறங்கிக்கொண்டே வந்தது. உதடு வெடித்தது. ஒரு ஆள் மயங்கி உட்கார்ந்தால் அந்த இடத்துக்குப் பக்கத்து ஷெட்டிலிருந்து இன்னொரு ஆள் வந்தான். உள்ளே பிள்ளை நடுநடுவே அழுதது. அழாமல் இருந்த நேரங்களில் வரிசை முழுக்கக் காதைத் தகரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு மூச்சை அடக்கி நின்றது. மறுபடி அழுதால் மூச்சு விட்டது. ஆறு மணிக்குப் பொழுது இறங்கியது. நர்சு வெளியே வந்து, பிள்ளைக்கு உடம்பு சுடவில்லை, பால் குடித்தது என்றாள். ஜனங்கள் கையைத் தொங்கவிட்டார்கள்.

கத்திரி முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது.

"நாளைக்கும்..." என்றார் தணிகாசலம். இந்த வயசுக்கு அவர் எவரிடமும் கேட்டுப் பழகியிருக்கவில்லை.

"நாளைக்கு எனக்கு வேலை கீது மேஸ்திரி" என்றான் ஒருவன். அவன் பொய் சொல்லவில்லை. இன்னொருத்தி, தன் மாமியாருக்கே தலைசுற்றல் என்றாள். பாஷா பாய் தரையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம், "எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள், பதிலுக்கு நிற்காமல் தண்ணீர் குடிக்கப் போனாள். ஒவ்வொருவராய்ப் போனார்கள்.

தணிகாசலம் உள்ளே போய், பழைய வேலையில் மிஞ்சிய சுண்ணாம்புத் தூளை ஒரு சட்டியில் எடுத்து வந்தார். மேற்குத் தகரத்திலிருந்து ஒரு முழம் அளந்து நூல் கட்டி, புதிதாக ஒரு வீட்டுக்குக் கடைகால் போடுகிற மாதிரி மண்ணில் இரண்டு வரிசைக்கும் வெள்ளைக் கோடு போட்டார். கோடுகளின் மேல் ஆள் நிற்கிற இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்தார். நாற்பத்திரண்டு இடம் வந்தது. யார் யார் வருவார்கள் என்று தெரியாததால் ஒன்றுக்கும் பேர் வைக்கவில்லை. கடைசியில் மூலை இடத்தில் தானே போய் நின்றுகொண்டு, அங்கிருந்து தன் நிழல் பிள்ளை கிடக்கிற இடம் வரைக்கும் எட்டுமா என்று திரும்பிப் பார்த்தார். பார்க்க வெயில் இல்லை.